அவர் கொடுக்காத கால்

முதலில் இடது கால். சுண்டுவிரலில் தொடங்கிப் பெருவிரலுக்கு வருவாள். நகவெட்டியின் ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு கேள்வி. "நேத்து தூங்கினீங்களா?" டக். "கஞ்சி குடிச்சீங்களா, பூனைக்கு ஊத்தினீங்களா?" டக். "மருமக முகத்தைத் தூக்கி வச்சிருக்காளே, என்ன சொன்னீங்க அவளை?" இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரும்வரை நகவெட்டி அந்தரத்தில் நிற்கும். பிறகு வலது கால். பிறகு தேங்காயெண்ணெய், குதிகால் வெடிப்பு வரைக்கும். அதற்கும் பிறகுதான் வேதப்புத்தகம் வெளியே வரும். அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து, ஏனென்றால் அந்தப் பையில் எண்ணெய்ப் புட்டி கசியாத நாள் கிடையாது.

"முதல்ல காலைக் கொடுங்க. கர்த்தர்கிட்ட அப்புறம் பேசிக்கலாம். அவர் எங்கயும் போயிட மாட்டார்."

லம்ரியா எங்கள் சபையின் பைபிள் உமன். நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குப் போய் ஜெபிப்பது அவள் உத்தியோகம். முப்பத்தொரு வருஷமாக இந்தத் தோபா ஏரிக்கரை மலையூர்களில் அவள் குடை நுழையாத வீடு இல்லை. ஊர் அவளை 'இனாங் பீபெல்' என்கிறது. இனாங் என்றால் அம்மா. கல்யாணமே செய்துகொள்ளாத தனக்கு இந்தப் பட்டம் வந்து சேர்ந்ததில் அவளுக்கே சிரிப்பு உண்டு. நான் மட்டும் அவளை 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் தேங்காய் மிட்டாயைத் திருடித் தின்றவளுக்கு இந்த வயதில் 'அவர்' போட எனக்கு வரவில்லை. நான் ருஸ்மி. மலைமேல் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் அறை நர்ஸ், ஊர்ப்பேச்சில் 'சுஸ்தர்'. எனக்குத் தெரிந்ததெல்லாம் புண். அவளுக்குத் தெரிந்தது புண்ணுக்கு மேலே இருக்கிற ஆள்.

நோயாளி வீட்டில் நாற்காலி போட்டால் உட்கார மாட்டாள். பாயின் கால்மாட்டில்தான் அவள் இடம். காப்பி கொடுத்தால் வேண்டாம் என்பாள். "அவருக்கு வச்ச கஞ்சியில ஒரு கரண்டி கொண்டா" என்று கேட்டு வாங்கி வாயில் விட்டுப் பார்ப்பாள். உப்பில்லையென்றால் அந்த வீட்டு மருமகளுக்கு அன்று நல்ல காலமில்லை. அப்புறம் அவள் பாட்டு! எங்கள் பத்தாக் ஜனத்தில் பிள்ளை பிறந்ததும் சுருதியோடு அழும் என்பார்கள். லம்ரியா ஞானப்பாட்டு எடுத்தால் கூரையில் பல்லி கூட இடம் மாறும். படுத்த படுக்கையாய்க் கிடந்த கிழவர்கள் பொறுக்க முடியாமல் தலையைத் தூக்கி, "அப்படி இல்ல இனாங், இப்படி" என்று பாடிக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் பாடுகிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இன்னொரு வழக்கம் இருக்கிறது. எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபிப்பாள். முன்பிருந்த போதகர் ஒருவர் இதைக் கண்டித்தபோது, "எல்லாரும் மூடிட்டா இவர் மூச்சை யார் பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டாள்.

வெட்டிய நகங்களை அவள் எந்த வீட்டிலும் விட்டுவிட்டு வருவதில்லை. கைக்குட்டையில் பொறுக்கி முடிந்து, தன் வீட்டுக் கொல்லையில் புதைப்பாள். ஆளிடமிருந்து விழுந்த துணுக்கும் ஆள்தான் என்பது எங்கள் முப்பாட்டன்மார் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து அதெல்லாம் மூடநம்பிக்கை என்று தலையாட்டுகிறவன்கூட, தன் நகம் குப்பையில் கிடந்தால் ராத்திரி தூங்க மாட்டான். லம்ரியா அவனோடு வாதாட மாட்டாள். முடிச்சை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போவாள்.

போன வருஷம் சிலித்தோங்கா என்ற இளம் போதகர் சபைக்கு வந்தார். முப்பது வயது இருக்காது, முகத்தில் பால்மணம். ஆனாலும் வயதில் மூத்த ஆண்களைப்போல அவரையும் 'அமாங்', அதாவது அப்பா, என்றுதான் எல்லாரும் கூப்பிட வேண்டும். நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. வந்ததும் வராததுமாக லம்ரியாவுக்கு அச்சடித்த படிவம் ஒன்றைக் கொடுத்தார். நோயாளியின் பெயர், தேதி, வாசித்த வசனம், கடைசிக் கட்டத்தில் 'ஆத்தும நிலை'. மாசக் கடைசியில் அவள் நிரப்பிக் கொடுத்ததை என்னிடம் கொண்டுவந்து காட்டினார், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல். ஆத்தும நிலை: 'வீக்கம் குறைந்தது.' ஆத்தும நிலை: 'வயிறு போகிறது. தம்பியோடு சமாதானம்.' ஆத்தும நிலை: 'கோழி சூப் கேட்டார்.'

"சுஸ்தர், இதை நான் மேலிடத்துக்கு எப்படி அனுப்புறது?"

"அப்படியே அனுப்புங்க அமாங்" என்றேன். "அவங்களும் ஒரு நாள் படுக்கையில விழுவாங்க இல்ல?"

இனி அமானி தீகோர் கதைக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் நடந்தது.

அமானி தீகோர் என்றால் தீகோரின் அப்பா. பிள்ளை பிறந்தபின் எங்களில் யாருக்கும் சொந்தப் பெயர் மிஞ்சுவதில்லை. கொத்தனார். வீடு கட்டுகிற கொத்தனார் இல்லை, கல்லறை கட்டுகிறவர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏரியைப் பார்த்து நிற்கும் சிமெண்டுக் கல்லறைகளில் பாதி அவர் கைவேலை. எங்களில் ஒருவரைப் புதைத்துப் பல வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் கூடி எலும்பைத் தோண்டி எடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, குடும்பக் கல்லறையில் சேர்ப்பார்கள். பெரிய விருந்து நடக்கும். அந்த எலும்புகளை வெள்ளைத் துணியில் தலை முதல் கால் வரை அடுக்கி எண்ணுகிற வேலையும் அமானி தீகோருடையதுதான். "இடது மணிக்கட்டுல ஒண்ணு குறையுது. இன்னொரு தடவை மண்ணைச் சலிங்க" என்பார். மழை கொட்டினாலும் சலிக்க வேண்டும். குறைவாய்ச் சேர்த்தால் குடும்பத்துக்கே தலைகுனிவு.

அந்த மனிதருக்குச் சர்க்கரை நோய். வலது காலில் ஆணி குத்தியதைப் பத்து நாள் மறைத்து வைத்திருந்தார். அவர் மகள் மாஸ்தா இழுத்துக்கொண்டு வந்தபோது நான் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். விரல்கள் அஞ்சும் கரியாகிக் கணுக்கால்வரை கறுப்பு ஏறியிருந்தது. வாசனையே சொல்லிவிட்டது.

அறுவை டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் நகரத்திலிருந்து வருகிறவர். செவ்வாய்க்கிழமை பார்த்தார். சுற்றி வளைக்கவில்லை. "முழங்காலுக்குக் கீழே எடுக்கணும். இன்னைக்கே எடுத்தா நல்லது. வெள்ளிக்கிழமைன்னா ஆள் மிஞ்சுவார். அடுத்த செவ்வாய்க்கு என்னைக் கூப்பிடாதீங்க."

"வேண்டாம்" என்றார் அமானி தீகோர்.

மாஸ்தா அழுதாள், கெஞ்சினாள், காலில் விழுந்தாள். மகன் தீகோர் தான் வேலைபார்க்கும் பத்தாம் தீவிலிருந்து போனில் கத்தினான். கிழவர் போர்வையை இழுத்து வலது காலை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருபத்தாறு வருஷமாக எத்தனை காலை இப்படி வீம்புக்குப் பறிகொடுத்திருக்கிறோம், காலோடு ஆளையும். "செத்துத்தான் போவீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "தெரியும் சுஸ்தர்" என்றார்.

புதன்கிழமை லம்ரியா வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பையை அவிழ்த்தாள். "முதல்ல காலைக் கொடுங்க அமாங்."

இடது காலை நீட்டினார். வெட்டி முடித்து, எண்ணெய் தடவி, "அடுத்தது" என்றாள். போர்வைக்குள் வலது கால் அசையவே இல்லை.

"அது இருக்கட்டும் இனாங்."

"வலிக்காம வெட்டுவேன்."

"வலியே இல்ல. அதான் பயமா இருக்கு."

அவள் நகவெட்டியை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவர் கேட்டார், "நான் ஒத்தைக் காலோட புதைஞ்சா, உயிர்த்தெழுற நாள்ல எப்படி நிப்பேன்?"

"ஏரியில முழுகி மீனுக்கு இரையானவனையெல்லாம் கர்த்தர் எழுப்பத்தானே போறார்? அவருக்கு உங்க முழங்கால் ஒரு பெரிய வேலையா?"

"அவர் எண்ணாம விடலாம். என் பேரப்பிள்ளைங்க எண்ணுவாங்க. என் எலும்பைத் துணியில போட்டு, வலது பக்கம் ஒண்ணுமில்லாம நிக்கிறப்ப என்ன நினைப்பாங்க? நாப்பது வருஷம் ஊரான் எலும்பையெல்லாம் சரிபார்த்தவன் தன் காலை ஆஸ்பத்திரிக் குப்பையில போட்டான்னு பேசுவாங்க. என் தொண்டி அந்தக் காலைத் தேடிக்கிட்டே அலையும்."

தொண்டியை உயிர் என்றும் சொல்லலாம், ஆத்துமா என்றும் சொல்லலாம். இரண்டுமே முழுசாய்ப் பொருந்தாது. ஆள் அரண்டால் அது உடம்பை விட்டுக் கிளம்பிவிடும் என்பார்கள். பிரசங்கத்தில் வருகிற ஆத்துமா அப்படியெல்லாம் ஓடாது. இரண்டு பேரும் ஒருவர்தானா என்று, வேதம் வந்து நூற்றைம்பது வருஷமாகியும் எங்களுக்குத் தெரியவில்லை.

"ஆத்துமா உடம்பை விட்டுப் போனா கர்த்தர்கிட்டத்தானே போகுது? நீங்க சொல்லுங்க இனாங். நீங்க படிச்சவங்க."

லம்ரியா நகவெட்டியைப் பைக்குள் போட்டாள். பிறகு, "ஆத்துமா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது அமாங்" என்றாள். "கால் எங்க இருக்குன்னு தெரியும். அதனால அதைப் பிடிச்சுக்கிறேன்." அப்புறம் கடையில் கருவாடு கேட்கிற குரலில், "வெட்டின காலை உங்க சம்சாரம் கல்லறைக்குப் பக்கத்துல, நீங்க படுக்கப் போற இடத்துலேயே புதைச்சா?" என்று கேட்டாள்.

கிழவர் திரும்பிப் பார்த்தார். "அடக்கம் பண்ணுவீங்களா? முறையா?"

அன்று சாயங்காலமே போதகரிடம் போனோம். காலின் நிலைமையைச் சொல்ல என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இனாங், அடக்க ஆராதனை ஆளுக்குத்தான். காலுக்குத் தனியா ஆத்துமா கிடையாது. இன்னைக்கு ஒரு காலுக்கு நான் 'மண்ணுக்கு மண்' சொன்னா, நாளைக்குப் பிடுங்கின பல்லைத் தூக்கிட்டு வருவாங்க."

"வந்தா என்ன? பல்லுக்குச் சின்ன ஜெபமா பண்ணலாம்."

"விளையாடாதீங்க." அவர் குரல் மாறியது. "முந்தின சபையில ஒரு பையன். காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு நான் கெஞ்சினேன். தலையில அரிசி போட்டுத் தொண்டியைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. மூணாம் நாள் நான்தான் அடக்கம் பண்ணேன். இருபத்துமூணு வயசு. அதுக்கப்புறம் இந்த மாதிரி விஷயத்துல நான் ஒரு அடி கூட விட்டுக்கொடுக்கிறதில்ல."

அதுவரை அவரைப் புத்தகப் புழு என்று நினைத்திருந்ததற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

"சரி, நீங்க வர வேண்டாம்" என்றாள் லம்ரியா. "நான் புதைச்சுக்கிறேன்."

"நீங்க சபை ஊழியர். நீங்க ஜெபம் பண்ணினா சபை பண்ணின மாதிரி. நான் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும். உங்க வேலையே போகலாம்."

"எழுதுங்க" என்று எழுந்துவிட்டாள். வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது. அவளுக்கு வேறு வருமானம் இல்லை, இருக்கும் வீடும் சபையுடையது.

வியாழக்கிழமை காலையில் அமானி தீகோர் சம்மதித்தார். ஆனால் கொத்தனார் இல்லையா? மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட்டுக் கொடுத்தார். நீளம் இவ்வளவு, ஆழம் மூன்று முழம், தண்ணீர் தேங்காமல் ஏரிப்பக்கம் ஒரு சரிவு. "குழி தயார்னு எனக்குத் தெரிஞ்சாத்தான் கத்தி. முன்னாடியே தோண்டணும். வெட்டின பிறகு யார் என்ன செஞ்சாங்கன்னு நான் மயக்கத்துல எப்படிப் பார்க்கிறது?"

உயிரோடிருப்பவனுக்குக் குழி தோண்ட ஊரில் ஒருத்தனும் மண்வெட்டியைத் தொடவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை விடிந்ததும் லம்ரியாவே தோண்டினாள். அமானி தீகோரின் குடும்ப மயானம் கோயிலுக்கு நேர் கீழே, சரிவில் இருக்கிறது. ஐம்பத்தாறு வயதில் மூன்று முழம் தோண்டி, வாழையிலை போட்டு மூடிவிட்டுக் கைகால் கழுவப் போனாள்.

எட்டரை மணிக்குக் கோயில் மணிக்காரர் கூண்டில் ஏறினார். மேலிருந்து பார்த்தால் மயானம் முழுக்கத் தெரியும். அமானி தீகோரின் மனைவி கல்லறைக்குப் பக்கத்தில் புது மண். எங்களில் ஆள் போகும் முன் குழி தோண்டும் வழக்கமே கிடையாது. குழி இருந்தால் ஆள் போய்விட்டார், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? துக்க வீட்டில் போய் 'செத்துட்டாரா' என்று கேட்பதும் மகா மரியாதைக்கேடு. மனிதர் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி எதிர்மலையில் இருக்கிறது. அமானி தீகோரை அப்போதுதான் தள்ளுகட்டிலில் ஏற்றியிருந்தோம். காலைச் சுத்தம் செய்தாயிற்று, குளுக்கோஸ் ஏறுகிறது, டாக்டர் உள்ளே வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டாங். நீண்ட இடைவெளி. மறுபடியும் டாங். சாவு மணி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வராந்தாவில் பேச்சு நின்றுபோயிற்று. கிழவரின் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு மணி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் தெரிந்தது. ஒரு பெண்மணி தலையில் அரிசிப் பையோடு ஓலமிட்டுக்கொண்டே படியேறி வந்தாள். தள்ளுகட்டிலில் கிழவரைக் கண்டதும் அரிசிப் பை கீழே விழுந்தது. "ஐயோ, கண்ணு முழிச்சிருக்காரே!" என்று அலறி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இருபது பேர், முப்பது பேர். எல்லார் தலையிலும் தாழையோலைப் பையில் சாவு வீட்டுக்கான அரிசி. முன்னால் அமானி தீகோரின் தாய்மாமன் மகன், அவரைவிடக் கிழவர். தாய்மாமன் வீட்டுச் சார்பில் சவத்துக்குப் போர்த்த வேண்டிய கறுப்பு உலோஸ் துணி அவர் தோளில் மடித்துக் கிடந்தது. கடைசியில் போதகர் சிலித்தோங்கா, கையில் கறுப்பு அங்கி, அக்குளில் ஆராதனைப் புத்தகம்.

அமானி தீகோர் அந்தத் துணியைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார்.

"எனக்குத்தானா? சரி, போச்சு. மணி அடிச்சா அடிச்சதுதான். தொண்டி கேட்டுட்டுக் கிளம்பியிருக்கும். வெறும் உடம்பை வெட்டி என்ன ஆகப்போகுது? மாஸ்தா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"அப்பா, தப்பா அடிச்சிட்டாங்கப்பா!"

"கோயில் மணி தப்பா அடிக்காது."

நான் அவர் கையை அழுத்தி ரத்தத்தை நிறுத்திக்கொண்டே மணிக்காரரை வாயில் வந்தபடி ஏசினேன். டாக்டர் கதவைத் திறந்து பார்த்து, "பன்னிரண்டு மணி வரைக்கும்தான் இருப்பேன். கையெழுத்து போட்டவரே வேண்டாம்னா நான் தொட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மணி ஒன்பதரை. கிழவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அடுத்த செவ்வாய் என்பது அவருக்குக் கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

லம்ரியா வந்தபோது அவள் பாவாடை முழங்கால்வரை சேறு. விஷயம் வழியிலேயே தெரிந்திருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. குழி அவள் தோண்டியது அல்லவா?

"அமாங், குழி நான்தான் தோண்டினேன். உங்க காலுக்கு. நீங்க படம் போட்டுக் கொடுத்தது."

"தெரியும் இனாங். உங்க மேல வருத்தமில்ல. குழி முழு ஆளைக் கேட்டுடுச்சு, அவ்வளவுதான்."

போதகர் முன்னால் வந்தார். "ஜெபிப்போம்" என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நல்ல ஜெபம். மரணத்தின்மேல் மணிக்கு அதிகாரமில்லை, ஆத்துமா தேவனுடைய கையில் பத்திரமாக இருக்கிறது என்று உருக்கமாகச் சொன்னார். எனக்கே கண் கலங்கிற்று. துடைக்கக் கண்ணைத் திறந்தபோதுதான் பார்த்தேன், லம்ரியா வழக்கம்போல் கண்ணைத் திறந்துகொண்டு கிழவரையே பார்த்தபடி நின்றாள். கிழவரும் கண்ணை மூடவில்லை. அவர் பார்வை மேலே இல்லை, போதகர் மேலேயும் இல்லை. தாய்மாமன் மகன் கையிலிருந்த அரிசிப் பையின் மேல் இருந்தது. பசித்த பிள்ளை சட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமென் சொல்லி முடிக்குமுன் லம்ரியா அந்தத் தாய்மாமன் மகனிடம் போய்விட்டாள்.

"அமாங், நீங்க தாய்மாமன் வீடு. இவர் உயிரை உறுதிப்படுத்த உங்களுக்குத்தான் உரிமை. தலையில அரிசி போடுங்க."

அரிசியை உச்சந்தலையில் வைத்து உயிரை நிலைநிறுத்துவது எங்களில் கல்யாணத்துக்கும் உண்டு, விபத்தில் பிழைத்தவனுக்கும் உண்டு. போதகர்கள் பார்க்காத நேரத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். போதகர் முன்னாலேயே, சபை ஊழியர் ஒருத்தி வாய்விட்டுக் கேட்டு நடந்தது கிடையாது. தாய்மாமன் மகன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போதகரைப் பார்த்தார்.

"இனாங்!" போதகர் குரல் உடைந்தது. "நான் உங்ககிட்ட அந்தப் பையனைப் பத்திச் சொன்னேனே. மறந்துட்டீங்களா?"

"மறக்கல அமாங். அவனுக்கு ஆஸ்பத்திரிக்குப் பதிலா அரிசி போட்டாங்க. இவருக்கு ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்கு அரிசி."

"அரிசிக்கு ஆத்துமா வராது."

"ஆத்துமா வராட்டி போகட்டும். ஆள் வருவார்." அவள் அவருடைய அக்குளில் இருந்த புத்தகத்தைக் காட்டினாள். குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கு இந்த மனுஷனை அடக்கம் பண்ணத்தானே கிளம்பி வந்தீங்க? இந்தக் கதவு மூடிட்டா செவ்வாய்க்கிழமை மறுபடியும் இதே புத்தகத்தைத் தூக்கிட்டு வரணும். அப்ப யாருக்கும் சந்தேகம் இருக்காது."

போதகர் அக்குளிலிருந்த புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் ஆனதுபோல் எனக்குத் தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூட இல்லை. பிறகு அங்கியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

தாய்மாமன் மகன் முன்னால் வந்தார். மூன்று முறை அரிசியை அள்ளி அமானி தீகோரின் உச்சந்தலையில் வைத்தார். "உன் உயிர் கெட்டிப்படட்டும், மச்சான். கல்லா இருக்கட்டும். உன் சிமெண்டு மாதிரி இருக்கட்டும்." கூட்டத்தில் யாரோ விசும்பிக்கொண்டே சிரித்தார்கள். "ஹோராஸ்!" என்று முப்பது பேரும் மூன்று முறை வாழ்த்திக் கத்தியதில் டாக்டர் திடுக்கிட்டு வெளியே ஓடிவந்தார். கிழவரின் நரைமுடியில் அரிசி சிக்கிக் கிடந்தது. மாஸ்தா தட்டிவிடப் போனாள். "தொடாதே" என்றார் அவர். பிறகு என்னிடம் மறு கையை நீட்டினார். "ஊசியை இதுல குத்துங்க சுஸ்தர். அந்தக் கை வலிக்குது."

அரிசியோடுதான் அவரை உள்ளே கொண்டு போனோம். அறுவை அறைச் சுத்தத்துக்கு அது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியும். துணித்தொப்பியை மேலே மாட்டி மறைத்துவிட்டேன். இதை இப்போதுதான் முதல்முறையாக ஒத்துக்கொள்கிறேன்.

முழங்கால் தப்பியது. இரண்டு மணிக்குக் கண் விழித்தார். மகள் பெயரைச் சொல்லவில்லை, கர்த்தர் பெயரையும் சொல்லவில்லை. "குழியில தண்ணி நிக்குதா?" என்று கேட்டார்.

நிற்கவில்லை. சரிவு சரியாக இருந்தது. மூன்று மணித் தூறலில் லம்ரியா எனக்கு முன்னால் சரிவில் இறங்கினாள். நான் எனாமல் தொட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். ஒரு கால் இவ்வளவு கனக்கும் என்று இத்தனை வருஷத்தில் நான் நினைத்ததே இல்லை. சவத்துக்கென்று கொண்டுவந்த உலோஸை உயிரோடிருப்பவருக்குப் போர்த்தவும் முடியாது, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகவும் கூடாது என்று தவித்த தாய்மாமன் மகன் அதைக் காலுக்குக் கொடுத்துவிட்டார். அதில்தான் சுற்றியிருந்தோம்.

மயானத்து வாசலில் போதகர் குடையோடு நின்றிருந்தார். அங்கி இல்லை, புத்தகம் இல்லை. உள்ளே வரவில்லை.

"நான் எழுதித்தான் ஆகணும் இனாங்."

"எழுதுங்க அமாங். அரிசி போட்டதையும் எழுதுங்க, முழங்கால் தப்பினதையும் எழுதுங்க."

அவர் தலையசைத்தார். போகவும் இல்லை. மேலிடத்திலிருந்து இன்றுவரை பதில் வரவில்லை. வருகிற அன்று லம்ரியாவுக்கு வீடு இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அவள் ஈர மண்ணில், குழியின் ஓரத்தில், கால்மாட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள். தொட்டியை மடியருகே இழுத்து உலோஸின் முனையை விலக்கினாள்.

"அவிழ்க்காதே. பார்க்க முடியாது" என்றேன்.

"இது ஒண்ணைத்தான் மனுஷன் கொடுக்கவே இல்ல" என்றாள்.

பையிலிருந்து நகவெட்டியை எடுத்தாள். சுண்டுவிரலில் தொடங்கினாள். டக். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பெருவிரல்வரை வந்து முடித்துக் கொஞ்சம் எண்ணெயும் தடவினாள். வெட்டிய நகங்களை வழக்கம்போல் கைக்குட்டையில் பொறுக்கி முடியப் போனவள் நின்றாள். முடிச்சைப் பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணி, எல்லாம் இருக்கிறதென்று தெரிந்தபின் அவற்றையும் காலோடு சேர்த்து உலோஸுக்குள் வைத்துச் சுற்றினாள்.